நான் எடுத்த பதினொரு வரிகள்

புளியந்தீவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று என் உழைப்பில் நிற்கிறது. கீழே அச்சகம், நடுவில் கொம்பியூட்டர் வேலை, மேலே புத்தகம் கட்டுகிற இடம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தரை கூட்டுவதற்கு என்று ஒரு அச்சகத்துக்குள் நுழைந்து, பத்தொன்பது வருசத்தில் அதே அச்சகத்தை வாங்கினேன். சூறாவளி கூரையைக் கொண்டுபோனது. தகரம் பொறுக்கி மேலே போட்டுக்கொண்டு மறுகிழமையே கலியாணக் கார்ட் அடித்தேன். பிரச்சினைக் காலத்தில் ஒரு தரம் எரித்தார்கள். சாம்பலுக்குள் கிடந்து உருகாமல் தப்பிய எழுத்துகளைச் சாக்கில் அள்ளிவந்து கழுவிக் காயப்போட்டேன். மட்டக்களப்புக்கு ஓப்செற் மெசினை முதலில் கொண்டுவந்தவன் நான்தான். இல்லை என்று சொல்பவர்கள் நேரில் வந்து சொல்லலாம். மூன்று பெண்பிள்ளைகளுக்கும் ஊர் வழக்கப்படி ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்துக் கரை சேர்த்தேன். யாரும் ஒரு கல் தூக்கித் தரவில்லை.

என் கையால் ஆனதை என் கையால் ஆனது என்று சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் ஐம்பது வருசமாக வெளியில் சொல்லாமல் வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன மாசம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய புத்தகம் விரித்து விற்கிற காத்தான்குடித் தம்பியிடம் நின்றேன். நான் அங்கே நிற்பது வாசிப்பதற்கு அல்ல. எந்த அச்சகம், எந்தக் கட்டு, நூல் எத்தனை இடத்தில் போயிருக்கிறது என்று பார்ப்பதற்கு.

"எல்லாரும் புத்தகத்திட முகத்தப் பாக்கிறாங்க. நீங்க மட்டும்தான் முதலாளி முதுகப் பாக்கிறீங்க," என்றார்.

"முகம் ஆரும் போடலாம். முதுகில தெரியும் வேலைகாரன்ட கை," என்றேன்.

அன்றைக்கு என் கையில் அகப்பட்டது அட்டை கழன்ற ஒரு புத்தகம். உள்ளே எழுத்தாளர்களைப் பற்றிய விமர்சனக் கட்டுரைகள். ஒருவர் சமைத்ததை இன்னொருவர் ருசி பார்த்து, அதில் உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று மூன்றாவது ஆளுக்குச் சொல்கிற வேலை அது. எனக்கு அதில் ஒருநாளும் நாட்டம் இருந்ததில்லை. திரும்ப வைக்கப்போகும்போது பொருளடக்கத்தில் எங்கள் ஊர் எழுத்தாளர் ஒருவருடைய பெயரைக் கண்டேன். அவருடைய ஒரே கதைப் புத்தகத்துக்கு அச்சுக் கோர்த்தவன் நான்.

"இது எந்த வீட்டுப் புத்தகம் தம்பி?"

"வாத்தியார் ஒருத்தர் மௌத்தாகிட்டார். புள்ளைகள் எல்லாம் கனடால. வீட்ட விக்கப்போறாங்களாம், ஒரு ஓட்டோ நிறைய ஏத்தித்து வந்தன்."

கனடாப் பிள்ளைகள் என்றதும் ஆள் விளங்கிவிட்டது: அந்த வாத்தியார்தான் அந்த எழுத்தாளர். தன்னைப் பற்றி எழுதப்பட்ட புத்தகத்தைத் தன் வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார். அதை அவருடைய பிள்ளைகள் எடைக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் வாங்கி வந்து, மேல்மாடியில் பசை நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து வாசித்தேன்.

கட்டுரை ஒன்பது பக்கம். அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு கதையைப் பற்றியது. அந்தக் கதையை நான் சொன்னால்தான் மற்றது விளங்கும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கிற ஒரு தகப்பன். அவருடைய மகள், அவருக்குப் பிடிக்காத ஒருவனோடு வாவியைத் தாண்டி மேற்கே படுவான்கரைக்குப் போய்விட்டாள். அவள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று ஊர் அறியச் சொன்னவர் அவர். நெடுநாளைக்குப் பிறகு ஒருநாள் தோணியில் போய் மகளுடைய வேலி வாசலில், கடப்படியில் நிற்கிறார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. அவர் கூப்பிடவில்லை. திரும்பித் துறையை நோக்கி நடக்கிறார். கதை அங்கே முடிகிறது.

அந்த முடிவைத்தான் கட்டுரைகாரர் தூக்கிக் கொண்டாடியிருந்தார். சின்ன எழுத்தாளன் என்றால் தகப்பனையும் மகளையும் கட்டிப்பிடிக்கவிட்டு அழவைத்திருப்பான், இவரோ கடப்படியிலேயே பேனாவை மூடிவிட்டார், மனித மனத்தின் வைரத்தை இப்படி வெட்டிக் காட்டியவர் இந்தக் கரையில் வேறு யாரும் இல்லை என்பது அவருடைய கருத்து. இந்த ஒரு புத்தகத்தோடு எழுத்தை நிறுத்தியதும் அதே துணிச்சலின் தொடர்ச்சிதான் என்றும் எழுதியிருந்தார்.

இந்தப் புகழ்ச்சி எனக்குப் புதிதல்ல. வாத்தியாருக்குப் பொன்னாடை போர்த்திய கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து இதையே கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லுவேன்: "அந்தக் கதைட முடிவு என்ட கை, தெரியுமா?" அவள், "ஓம் ஓம், வாவியும் நீங்க வெட்டினதுதான்," என்பாள்.

புதிதாக இருந்தது பக்கங்களின் ஓரம். முடிவைப் புகழ்ந்திருந்த மூன்று இடங்களிலும் பென்சிலால் கூரைபோல ஒரு குறி. குறிக்கு உள்ளே 11 என்ற இலக்கம். வேறு ஒரு சொல்லும் இல்லை.

வேறு யாரும் பார்த்தால் ஏதோ பிள்ளை கிறுக்கியது என்று நினைத்திருப்பார்கள். அது எங்கள் பழைய அச்சகத்தின் குறி. சரிபார்க்கிற தாளில் வரி ஏதும் விடுபட்டிருந்தால் ஓரத்தில் கூரை போட்டு, எத்தனை வரி என்று உள்ளே இலக்கம் எழுதுவோம். அச்சுக் கோர்க்கிற கொம்பொசிற்றர் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் பிரதிக்குப் போய், விட்ட வரிகளைத் தேடிக் கோர்த்துச் சேர்ப்பான். அந்தக் குறியை வாத்தியாருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். பதினொரு வரியை எடுத்தவனும் நான்.

அது நடந்தது இப்படி. கையால் எழுத்துப் பொறுக்கி அடித்த காலம். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். ஒரு பாரத்தை அடித்து முடித்து, எழுத்துகளைப் பிரித்துத் திரும்பப் பெட்டிகளில் போட்டால்தான் அடுத்த வேலைக்கு எழுத்து இருக்கும். வாத்தியாருடைய புத்தகம் நான்கு பாரம், அறுபத்துநாலு பக்கம். முதல் மூன்றையும் அவரே எங்கள் அச்சக வாங்கில் உட்கார்ந்து சரிபார்த்தார். நாலாவதுக்கு அவர் வரவில்லை. காய்ச்சல். அப்போதைய முதலாளி காகிதம் தேடிக் கொழும்புக்குப் போயிருந்தார். காகிதம் என்பது தங்கம் மாதிரி இருந்த நாட்கள் அவை. கடைசிக் கதை அறுபத்துநாலாம் பக்கத்தையும் தாண்டிப் பதினொரு வரி ஓடிவிட்டது. அந்தப் பதினொரு வரிக்காக இன்னொரு தாள் வேண்டும். முன் பக்கங்கள் அடித்து முடிந்ததால் நெருக்கிப் போடவும் வழியில்லை. வாசலில் மண்டூர்க் கோயில் திருவிழா நோட்டீசுக்கு இரண்டு பேர் வந்து குந்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய எழுத்து எல்லாம் வாத்தியாருடைய கதைக்குள் பூட்டிக் கிடந்தது.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. கல்வெட்டு வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. செத்தவரைப் பற்றிப் பாட்டுப் பாடிச் சின்னப் புத்தகமாக அடித்து முப்பத்தோராம் நாளில் கொடுக்கிறோமே, அந்தக் கல்வெட்டு. பாட்டு நீண்டால் மைத்துனர் புலம்பலிலோ மருமக்கள் புலம்பலிலோ இரண்டு பாட்டை நானே தூக்கிவிடுவேன். யாரும் கண்டுபிடித்ததில்லை. அழுகிற வீட்டில் யார் வரி எண்ணப்போகிறார்கள். பக்கம் வடிவாக முடிந்திருக்கிறது என்று மெச்சுவார்கள். அந்தப் பழக்கம் கையில் ஊறியிருந்தது.

வாத்தியாருடைய கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கிழவர் கடப்படியில் இருந்து திரும்பி நடக்கிற இடம், அறுபத்துநாலாம் பக்கத்தின் அடிவரியில் கச்சிதமாக வந்து நின்றது. கதை முடிந்துவிட்டதுதானே என்று நினைத்தேன். மிச்சத்தில் கிழவர் துறையில் தோணி இல்லாமல் திரும்பவும் வந்து மகளிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் கோபம் கொண்ட வீட்டில் ஒருவர் தண்ணீர் வாங்கிக் குடித்தால் அந்தக் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். பிறகு பேச்சுக்கூட வேண்டாம். அது எனக்குத் தெரியாததல்ல. என் வீட்டில் அப்படி நடந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரையும் எண்ணியிருப்பேன். கதைக்குள் என்றபடியால் எண்ணவில்லை. பதினொரு வரியையும் எடுத்து, எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பெட்டியில் போட்டேன். அதே எழுத்துகளில் திருவிழா நோட்டீஸ் அன்றைக்கே அச்சாகிப் போனது.

காய்ச்சல் விட்டு வாத்தியார் வந்தபோது கட்டிய புத்தகத்தை நானே கையில் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மறுபக்கம் பார்த்தார். வெறும் அட்டை.

"மற்றது எங்க?" என்றார்.

"மற்றது தேவைப்படல்ல மாஸ்ரர். பக்கம் எப்பிடி முடிஞ்சிரிக்கு, பாருங்க."

அவர் பார்த்தார். பிறகு கையெழுத்துப் பிரதியைக் கேட்டார். மெசினில் மை துடைத்த கடதாசிகளோடு அது போய்விட்டது. வேறு பிரதி வைத்திருக்கவில்லை என்பது அவர் நின்ற நிலையில் எனக்கு விளங்கியது. என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. தனக்குரிய புத்தகக் கட்டுக்குள் இருந்து ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பள்ளிக்கூட வினாத்தாள் அடிக்க எத்தனையோ தரம் வந்தார். நல்ல மனுசன். தேத்தண்ணி குடிப்பார், விளையாட்டாகப் பேசுவார். கதையைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. புகழ் வரத் தொடங்கியபோது, மனதுக்குள் எனக்கு நன்றி சொல்கிறார் என்றே நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பென்சில் குறியைக் கண்டபிறகு அந்த நினைப்பு நிற்கவில்லை. வாத்தியாரும் இல்லை, அவருடைய மனைவியும் இல்லை. அவருடைய தங்கை மண்டூரில் இருக்கிறார் என்பது தெரியும். தகப்பனுக்குப் பிடிக்காமல் அக்கரைக்குப் போனவர் அவர்தான்; கதை அவருடையது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். புத்தகத்தை அவரிடம் கொடுப்போம் என்று குருமண்வெளியில் இருந்து, நாங்கள் பாதை என்று சொல்லுகிற மிதவையில் ஏறி அக்கரைக்குப் போனேன்.

அவர் முற்றத்தில் நெல் காயப்போட்டுக் காகத்துக்குக் காவல் இருந்தார். எழுபத்தைந்து தாண்டிய மனுசி. கண் நல்ல தெளிவு.

"ஆரது?"

"புளியந்தீவில அச்சுக்கூடம் வெச்சிரிக்கிற ஆள் அக்கா. அண்ணன்ட கதைப் புத்தகத்துக்கு அச்சுக் கோர்த்தது நான்தான்."

"அந்தக் கறுத்த அட்டப் புத்தகமோ?"

"ஓம்."

"அத அடிச்ச ஆள் எண்டா வெயிலுக்க நிக்காதீங்க. நிழலுக்க வந்து இரிங்க, நானும் ஒருக்கா நல்லாப் பாக்க."

கட்டுரைப் புத்தகத்தைக் கொடுத்தேன். கண்ணாடி இல்லை என்றார். அதில் அண்ணனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அப்பா கடப்படிக்கு வந்தது கதையில்ல தம்பி, உண்மை. நான் குசினிக்குள்ள இருந்து பாத்தன். கூப்பிடுவார் எண்டு நிண்டன். அவரு வந்த வழிக்கே கிறுகிப் போயித்தார். மறுகா கொஞ்ச நாளால அண்ணன்ட புத்தகம் வந்திச்சு, முதல் புத்தகம் உனக்குத்தான் எண்டு எழுதி. கடைசிக் கதைய எத்தின தரம் வாசிச்சன் தெரியுமா. அண்ணனாவது அவர உள்ளுக்குக் கூட்டி வந்திரிப்பான் எண்டு பாத்தா, அவனும் திருப்பி அனுப்பிப்போட்டான்."

அவர் காலால் நெல்லைத் துழாவிவிட்டுத் தொடர்ந்தார்.

"பின்ன ஒருநாள் அண்ணன் வந்தான். இன்னும் பதினொரு வரி இரிக்கிது புள்ள, அதில அப்பா உன்ட கையால தண்ணி குடிக்கிறார், அவருக்கும் அந்த எண்ணம்தான், வெக்கத்தில வாறாரில்ல, நீ வந்து ஒருக்கா முகத்தக் காட்டு எண்டான். எங்க, காட்டு எண்டன். அவன்ட கையில ஒண்டுமில்ல. அச்சில ஒண்ட எழுதித்து வாயால வேற ஒண்டு செல்லாத எண்டு அனுப்பிப்போட்டன். அந்த மாரிக்கு அப்பா போயித்தார். செத்த வீட்டுக்கும் நான் போகல்ல."

காகம் ஒன்று நெல்லில் வந்து இறங்கியது. அவர் விரட்டவில்லை.

"அது இருந்திச்சு அக்கா," என்றேன். "பதினொரு வரி. என்ட கையாலதான் கோர்த்தன். நான்தான் எடுத்தன்."

"ஏன்?"

"பக்கத்தில இடம் போதாமப் போச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கட அப்பா ஒரு செம்புத் தண்ணி குடிக்கிறதுக்கு உங்களுக்கு இடம் காணல்ல."

என் அச்சகம் தீயில் எரிந்தபோது நின்று பார்த்தவன் நான். அன்றைக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன இருந்திச்சு அதில? செல்லுங்க," என்றார்.

கோர்த்ததும் நான், பிரித்ததும் நான். ஒவ்வொரு எழுத்தும் இரண்டு தரம் என் விரலுக்குள்ளால் போயிருக்கிறது. கண்ணை மூடி, இடக்கையில் எழுத்துத் தாங்கியைப் பிடித்திருப்பதுபோல வைத்துக்கொண்டேன். முதல் நான்கு வரி வந்தது. துறைக்குப் போனபோது தோணி அக்கரையில் நின்றது. கிழவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்த வழியே நடந்து கடப்படிக்கு வந்து, "புள்ள, தண்ணி விடாய்க்கிது," என்றார். கடைசி இரண்டு வரியும் வந்தது. குடித்து முடித்த செம்பைத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, "என்ன கறி?" என்று கேட்டார்.

"அப்பா அப்பிடித்தான் கேப்பார்," என்றார் அவர். "நடுவில?"

"நடுவில அஞ்சு வரி அக்கா. வருகுதில்ல."

"அந்தப் புள்ள என்ன செஞ்சாள்? செம்பக் கொண்டுவந்து என்ன செஞ்சாள்?"

"தெரியா."

"சும்மா ஒண்டச் செல்லுங்க. நான் செத்துப்போற ஆள், ஆர் கேக்கப்போறாங்க."

ஏதாவது சொல்லியிருக்கலாம். காலில் விழுந்தாள், அழுதாள், ஒன்றும் பேசவில்லை என்று எதைச் சொன்னாலும் அவர் ஏற்றுக்கொண்டிருப்பார். என் வாய்க்கு அது பெரிய வேலையும் அல்ல. ஆனால் அவருடைய அண்ணனுடைய வரியில் இன்னொரு தரம் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. மாட்டேன் என்றேன்.

"அண்டைக்கு வெட்டத் தெரிஞ்ச கைக்கு இண்டைக்கு ஒட்டத் தெரியாதோ," என்றார்.

அவர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் தரவில்லை, நானும் கேட்கவில்லை. எழும்பியபோது புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"இத வெச்சு நான் என்ன செய்ய? அண்ணன் பொய் செல்லல்ல எண்டு இதில போடச் செல்லுங்க. ஏலுமெண்டா அதச் செய்யுங்க. வேற ஒண்டும் எனக்கு வேணாம்."

அன்றைய பின்னேரமே தொடங்கினேன். கட்டுரை எழுதியவர் காலமாகிவிட்டாராம். புத்தகத்தை வெளியிட்டவர்களுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அந்தக் கதை இப்போது மாணவர்களுக்குப் பாடமாகவும் இருக்கிறதாம். கடப்படியில் திரும்பிய தகப்பனுடைய வைராக்கியத்தைப் பற்றிப் பிள்ளைகள் விடை எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். என் மூத்த மகள் சொல்கிறாள், "அப்பா, அந்த மனுசனுக்குக் கிடைச்ச ஒரு பேர். அதையும் நீங்க பறிச்செடுக்கப் போறீங்களா? எல்லாத்திலயும் உங்கட பங்கு வேணுமா?"

ஓம், வேண்டும். அந்தப் பெயரை அவர் கேட்டு வாங்கவில்லை. கிடைத்த மூன்று இடத்திலும் கூரை போட்டுப் பதினொன்று என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவருடைய பென்சிலை வாசிக்கத் தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் மிச்சம்.

ஆகவே கட்டுரை எழுதுகிறவர்களுக்கும், பாடம் நடத்துகிறவர்களுக்கும், அந்தக் கதையை இனி அச்சேற்றப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன். தகப்பனைக் கடப்படியில் இருந்து திருப்பி அனுப்பியது வாத்தியார் அல்ல, நான். அந்த வெட்டுக்கு நீங்கள் எழுதிய புகழ்ச்சி அவ்வளவும், அதனால் ஒரு மகள் தன் தகப்பனுடைய செத்த வீட்டுக்குப் போகாமல் விட்ட பாவமும் எனக்குச் சேரவேண்டியவை. வாத்தியார் எழுதிய தகப்பன் திரும்பி வந்து தண்ணீர் கேட்டவர். கதையின் கடைசி வரிக்குக் கீழே, இதற்குப் பிறகு பதினொரு வரி இருந்தது, ஆறு வரிதான் மீண்டது, அச்சுக் கோர்த்தவன் எடுத்துவிட்டான் என்று போடுங்கள். மீண்ட ஆறையும் போட்டு, ஐந்து வரிக்கு இடத்தை வெறுமையாக விடுங்கள். அச்சுக் கோர்த்தவன் ஆர் என்று என்னிடம் வந்து கேட்டால் பெயரைத் தருவேன். அதை அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் போடக்கூடாது. கதைக்கு என்ன எழுத்தோ, அதே எழுத்தில் போடவேண்டும்.